அறை எண் அட்டை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் கடிதம் செவ்வாயன்று வந்தது. வகுப்பில் எழுந்து ஆங்கிலம் வாசித்தபோது எல்லோரும் சிரித்துவிட்டார்கள், இனி அங்கே வாயே திறக்க மாட்டேன், மாதக் கடைசியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பதிலைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் என் சேதியைக் கேள். உன் அம்மா தேர்வில் பாஸ்! திங்கட்கிழமை முதல் ஓட்டல் வரவேற்பு மேஜையில் எனக்கு வேலை. சந்தோஷத்தில் எழுத்து கோணல்மாணலாகப் போகிறது, பொறுத்துக்கொள்.

எல்லாம் நீ விட்டுப்போன ஆங்கிலச் சொல் நோட்டால் வந்தது. ஒவ்வொரு சொல்லையும் தமிழ் எழுத்தில் எழுதி, அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் புள்ளி வைத்திருந்தாய் அல்லவா? நான் வேலை செய்கிற ஓட்டல் சலவை அறைக்குக் கொண்டுபோனால் நோட்டு நனைந்துவிடும். அதனால் விருந்தாளிகளின் துணியில் குத்துகிற அறை எண் அட்டைகளில் தினம் நாலு சொல் எழுதிக்கொள்வேன். துணி தேய்த்தபடியே சொல்லிப் பார்ப்பேன். புள்ளி வரும் இடத்தில் இஸ்திரிப் பெட்டியை ஓர் அழுத்து அழுத்துவேன். எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பட்டன் தைக்கிற அக்கா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

போன மாதம் வந்தது வினை. நாலாம் மாடி விருந்தாளி ஒருவரின் கோட்டில் எண் அட்டைக்குப் பதிலாக என் சொல் அட்டையைக் குத்தி அனுப்பிவிட்டேன். அதில் இருந்த சொல் 'அப்ஸ்ட்ரெபரஸ்'. மனிதர் கோட்டும் கையுமாகக் கீழே வந்து குதித்தார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, இது என்ன கெட்ட வார்த்தை என்று கேட்டார். அவருக்கு அதை வாசிக்கவே நாக்கு புரளவில்லை. 'ஸ்ட்ரெ'யில் அழுத்தி நான் சொன்னேன். கூச்சல் போட்டு யாருக்கும் அடங்காத ஆள் என்று அர்த்தமும் சொன்னேன். விருந்தாளியின் மனைவி, அட்டை சரியான ஆளுக்குத்தான் வந்திருக்கிறது என்று சொல்லிச் சிரித்ததில் அவரும் அடங்கிப்போனார். என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். மேனேஜரோ, வரவேற்பு வேலைக்கு வாய்மொழித் தேர்வு வருகிறது, நீயும் வந்து உட்கார் என்றார்.

அது நேற்று நடந்தது. உன் கடிதம் என் கைப்பையில் இருந்தது. எதிரே மூன்று பேர். இருபது சொல்லை வாசித்து அர்த்தம் சொல்ல வேண்டும். முதல் சொல்லிலேயே என் கை தானாக மேஜையைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டது. ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். நான் நிறுத்தவில்லை, கை நின்றால் எனக்குச் சொல் வராதே! 'மெட்டிக்யுலஸ்' என்றால் சின்ன விஷயத்தையும் கோட்டை விடாத ஆள். 'ஈக்வனிமிட்டி' என்றால் எது வந்தாலும் பதறாத மனசு. மளமளவென்று சொன்னேன். கடைசிச் சொல்லில் மாட்டிக்கொண்டேன். 'எபிடோம்' என்று வாசித்தேன். மூன்று பேரும் வாய்விட்டே சிரித்துவிட்டார்கள்.

காதெல்லாம் சூடாகிவிட்டது, பாப்பா. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அப்போது உன் நினைவு வந்தது. சரி, எப்படிச் சொல்ல வேண்டும், நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டேன். 'எபிட்டமி', 'பி'யில் அழுத்த வேண்டும் என்றார்கள். பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, அவர்கள் முன்னாலேயே எழுதி, புள்ளி வைத்து, மேஜையைத் தேய்த்துத் தேய்த்து மூன்று தடவை சொன்னேன். அதற்கப்புறம் ஒருவரும் சிரிக்கவில்லை. நடுவில் இருந்த அம்மாள், எப்போது சேருகிறீர்கள் என்று கேட்டார்.

உன் நோட்டிலும் 'எபிடோம்' என்றுதான் இருக்கிறது, மேதாவி. திருத்திவிட்டேன்.

அந்த அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு குணத்துக்கு இன்னாரைக் காட்டினால் போதும், வேறு விளக்கமே வேண்டாம் என்னும்படியான ஆள், அதுதான் அர்த்தம். பின்பக்கம் உன் விடுதி அறை எண்ணை எழுதியிருக்கிறேன். எங்கள் சலவை அறையில் எண் குத்திய துணிக்கு அந்த அறைதான் இடம். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் அந்த மேஜையில் வாயைத் திறப்பேன். அதே நேரத்துக்கு நீயும் உன் வகுப்பில் திற. பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே இருக்கட்டும். நன்றாக இரு, கண்ணே.

இப்படிக்கு,
வரவேற்பு மேஜைக்காரி,
உன் அம்மா