சாக்கில் இருந்த ஊர்ப்பெயர்

சூரியநெல்லி
வியாழன்

அன்புள்ள அம்மாவுக்கு, பூபதிராஜா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி இப்போது தேவலையா? நான் சுகம். போனில் பேசினால் கோபத்தில் கத்திவிடுவேன், அதனால்தான் கடிதம்.

முந்தாநாள் மலையேறும்போது நான் ஓட்டும் பழைய ஜீப் பாதி வழியில் நின்றுவிட்டது. யாருக்கும் அடியில்லை, பயப்படாதீர்கள். மெக்கானிக் இன்ஜினைப் பிரித்தார். பிஸ்டன் சூட்டில் இறுகி, பக்கமெல்லாம் கீறிப்போயிருந்தது.

"பாலக்காட்டு ஆளுக்கு மலையில ஓட்டத் தெரியாதுன்னு அப்பவே சொன்னேன்ல" என்றார் முதலாளி மாரீஸ்வரன், எல்லார் முன்னாலும்.

இங்கே குளிரில் இன்ஜின் சீக்கிரம் சூடாக, ரேடியேட்டர் முன்னால் சாக்கு கட்டுவார்கள். கிளம்பும்போது அவிழ்த்துவிட வேண்டும், இல்லையென்றால் காற்றுப் படாமல் இன்ஜின் கொதித்துவிடும். நான் கண்ணில் படும்படி வெளியேதான் கட்டுவேன். அன்று முதலாளியே, வெளியே கட்டினால் பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று ஒரு சாக்கை உள்ளே செருகியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மெக்கானிக் அந்தச் சாக்கை இழுத்துப் போட்டார். அதில் நம் ஊர் அரிசி மில் பெயர்.

"உன் சாக்குத்தான இது, நீதான் வச்சிருப்ப" என்றார் முதலாளி.

"என் ரூமுக்குள்ள வந்து எடுத்தது யாருங்க?" என்று கேட்டேன். மனுஷன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

பிஸ்டன் போனால் வேறு கிடைக்கும். குளிர்காற்றுக்கு அந்தச் சாக்கைத்தான் ஜன்னலில் மாட்டியிருந்தேன். கண் விழித்ததும் முதலில் அதில் நம் ஊர்ப்பெயரை, கொழிஞ்சாம்பாறை என்று படிப்பேன். கேட்காமல் அதை எடுக்க இவர் யார்?

இந்த முறையும் அரிசியை அதே மில் சாக்கிலேயே கட்டி அனுப்புங்கள். ஹாரன் அடிக்கிறார்கள், முடிக்கிறேன். ரூம் கதவுக்குப் பூட்டு வாங்கிவிட்டேன்.

உங்கள்
பூபதி