தகடு கழற்றிய சைக்கிள்

மெர்லிமாவ்,
12-7-1953

என் அன்பிற்குரிய அத்தானுக்கு,

வேலாயி வணங்கி எழுதுவது. நானும் மாமாவும் நம் மகள் குஞ்சம்மாவும் நலமாக இருக்கிறோம். தடுப்பு முகாமில் உங்களுக்கு இருமல் விட்டதா? அனுப்பிய கம்பளிச் சட்டை கைக்கு வந்ததா? கடிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் தருவார்கள் என்று தெரியும். படிப்பவர் படிக்கட்டும். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

நான் தையல் வேலை முடிந்து டவுனிலிருந்து திரும்பி வருவதை நினைத்துத் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் பயந்தது போலவே ஒன்று நடந்தது. ஆனால் நல்லபடியாக முடிந்தது. அதனால்தான் தைரியமாக எழுதுகிறேன்.

காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக்கூடாது என்று, தோட்டத் தொழிலாளர் லயங்களையெல்லாம் சாலையோரம் கொண்டுவந்து முள்வேலி போட்டது உங்களுக்குத் தெரியும். பொழுது சாய்ந்ததும் வாசலை அடைத்துவிடுவார்கள். போன மாதம் ஒரு நாள் தையற்கடையில் கல்யாண ரவிக்கைகள் தைத்து முடியாமல் நேரமாகிவிட்டது. வழியில் மழையும் பிடித்துக்கொண்டது. செம்மண் ரோட்டில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். வந்து சேர்ந்தபோது வாசல் அடைத்திருந்தது. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் துப்பாக்கியைத் தூக்கி, யார் என்று கத்தினார். நல்லவேளை, மாமா குஞ்சம்மாவைத் தோளில் போட்டுக்கொண்டு வேலிக்கு உள்ளே காத்திருந்தார். "மெனாந்து சாயா, துவான்! என் மருமகதாங்க, சுட்டுடாதீங்க!" என்று மலாயிலும் தமிழிலும் கத்தினார். வாசலைத் திறந்தார்கள்.

மறுநாள் மாமா ஒன்றுதான் சொன்னார். "இனிமே நீ நடக்க வேணாம்மா. சைக்கிள் வாங்கிக்குவோம். இன்னொரு பிள்ளைய என்னால பறிகொடுக்க முடியாது."

கல்யாணமான புதிதில் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் அம்மாவின் சைக்கிளை வாங்கி வந்து, பந்து விளையாடுகிற திடலில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தீர்களே, அது மறக்கவில்லை. அன்று லயமே கூடிச் சிரித்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே டவுனுக்குப் போனோம். பசாருக்குப் பக்கத்தில் தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் சைக்கிள் கடை இருக்கிறது. முதலில் இங்கிலாந்துச் சைக்கிளைக் காட்டினார். கறுப்பாக மினுமினுவென்று, கியரெல்லாம் வைத்து இருந்தது. விலையைக் கேட்டதும் மாமா அதைத் தொட்ட கையை எடுத்துக்கொண்டார். அடுத்தது இந்தியாவில் செய்தது. மாமாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "நம்ம நாட்டுச் சாமான்மா, சுதந்திரம் கிடைச்ச பிறகு செஞ்சது" என்று மணியை அடித்துப் பார்த்தார். ஆனால் அதில் ஆண்கள் சைக்கிள்தான் இருந்தது. நடுவில் பார் வைத்ததைச் சேலை கட்டிக்கொண்டு நான் எப்படி ஓட்டுவது? பெண்கள் சைக்கிள் எப்போது வரும் என்று தவுக்கேயால் சொல்ல முடியவில்லை.

மூலையில் பச்சை நிறத்தில் இன்னொன்று நின்றது. தாழ்ந்த கம்பி, கியர் இல்லை, சங்கிலிக்கு மூடி, பின்னால் சாமான் கட்ட இடம். எங்களால் வாங்க முடிந்த விலை. எனக்கென்றே செய்தது போல இருந்தது. எந்த நாட்டுச் சைக்கிள் என்று மாமா கேட்டார். தவுக்கே சற்றுத் தயங்கித்தான் ஜப்பான் என்றார்.

மாமா வெளியே போய்க் கடை வாசல் நடையில் உட்கார்ந்துவிட்டார். நான் பின்னாலேயே போய், "வேணாம் மாமா, இந்தியச் சைக்கிளே வாங்குவோம், எப்படியாவது ஓட்டிக்கிறேன்" என்றேன். சண்டைக் காலத்தில் சயாமுக்கு ரயில்பாதை போட அவரையும் உங்கள் தம்பி அப்புசாமியையும் ஜப்பான்காரன் லாரியில் ஏற்றிப் போனதும், அவர் மட்டும் திரும்பி வந்ததும் எனக்குத் தெரியாதா?

"பார் வச்சத உன்னால ஓட்ட முடியுமா? நெசத்தச் சொல்லு" என்று கேட்டார். முடியாது என்றேன்.

எழுந்து உள்ளே வந்தார். பச்சைச் சைக்கிளின் முன்கழுத்தில் பெயரும் நாடும் பொறித்த சின்னத் தகடு ஒன்று இருந்தது. அதைக் கழற்றித் தர முடியுமா என்று மலாயில் கேட்டார். ஏன் என்று தவுக்கே கேட்கவில்லை. திருப்புளியை எடுத்து வந்து தானே கழற்றினார். கழற்றும்போது தலை நிமிராமல், தன் அண்ணனை ஜப்பான்காரர்கள் வீட்டு வாசலிலிருந்து பிடித்துக்கொண்டு போனார்கள் என்றும், இந்தச் சைக்கிளைத் தான் கடையில் விற்றாலும் தன் மனைவி வீட்டுக்குள் விடமாட்டாள் என்றும் சொன்னார். தகட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, "சைக்கிள் நல்லதுலா, ஓடும்" என்றார். மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை.

அன்று சாயங்காலம் மாமா சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். நான் கேட்காமலே சொன்னார். நாமெல்லாம் இத்தனை நாள் நினைத்திருந்தது போல அப்புசாமி காணாமல் போகவில்லையாம். வாந்திபேதி கண்டு இரண்டே நாளில் போய்விட்டாராம். கடைசிவரை மாமா மடியில்தான் தலை இருந்ததாம். ஆற்றோரம் மூங்கில் புதருக்குக் கீழே மாமாவே குழி வெட்டியிருக்கிறார். "காணோம்னு சொன்னா உங்க அத்தை தேடிக்கிட்டாவது உசுரோட இருப்பான்னு நினைச்சேன். அவ போன பிறகு யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல" என்றார். ஆவணி அமாவாசைக்கு முதல் நாள் அது என்பது அவருக்கு நினைவிருக்கிறது. அழுதார். நானும் அழுதேன். பிறகு சாப்பாடு கேட்டு, இரண்டாவது தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டார். நான் இந்த வீட்டுக்கு வந்து அவர் அப்படிச் சாப்பிட்டுப் பார்த்ததில்லை.

வருகிற ஆடி அமாவாசைக்குக் கோயிலில் உங்கள் தம்பிக்குத் திதி கொடுக்கப் போகிறார். இத்தனை வருஷமாக, உயிரோடு இருப்பவனுக்குக் கொடுத்துவிடுவோமோ என்று நீங்களும் கொடுக்காமல் இருந்தீர்கள். அங்கே முடிந்தால் அன்று காலையில் ஒரு கை தண்ணீர் விடுங்கள்.

இப்போது வெயில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். அந்தப் போலீஸ்காரரே கையைக் காட்டி உள்ளே விடுகிறார். குஞ்சம்மா பின்னால் உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்கிறாள். இனிமேல் நீங்கள் நிம்மதியாகத் தூங்க வேண்டும்.

இன்னொன்று. முகாமிலிருந்து சிலரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று டவுனில் பேசிக்கொள்கிறார்கள். உங்களை எந்த நாட்டுக்காரன் என்று கேட்டால், இந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தேன் என்று சொல்லுங்கள். அந்த ஊரை நீங்கள் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. கோபத்திலோ சலிப்பிலோ எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், அத்தான். எத்தனை வருஷம் வைத்திருந்தாலும் பொறுத்துக்கொள்கிறேன். கடலுக்கு இந்தப் பக்கமே இருங்கள்.

மாரியம்மன் உங்களைக் காப்பாள்.

உங்கள்
வேலாயி