நாத்தனாரின் பாஸ்வேர்டு

மார்ச் 4
இன்றும் சமையலறையில் பேச்சில்லை. நாத்தனார் தட்டைக் கவிழ்த்த சத்தம்தான் எனக்குப் பதில். ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். அவளுடைய பாஸ்வேர்டைப் போட்டு யாரோ ஒரு நோயாளியின் விவரங்களை எடுத்து வெளியே விட்டிருக்கிறார்கள். அவளுக்கு சஸ்பென்ஷன். அங்கேயே கம்ப்யூட்டர் பிரிவில் இருப்பவள் நான். ஆகவே வீட்டில் குற்றவாளி நான்.

"பாஸ்வேர்டெல்லாம் இவங்க கையிலதானே இருக்கு அண்ணா?" - என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள். இவர் பேப்பரைப் புரட்டினார். கட்டின பெண்டாட்டிக்காக ஒரு வார்த்தை? ம்ஹூம்.

மார்ச் 6
எங்கள் பிரிவுத் தலைவர் அறிக்கையை முடித்துவிட்டார். 'ஊழியரின் கவனக்குறைவு.' கம்ப்யூட்டரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கேட்டதற்கு, "உங்க வீட்டுப் பொண்ணுன்னு வக்காலத்து வாங்காதீங்க" என்றார்.

வக்காலத்தா? அவளுக்கா? எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. ஆனால் செய்யாததைச் செய்தாள் என்றால் -

மார்ச் 9
அவள் வார்டு கம்ப்யூட்டரைக் குடைந்தேன். பிடித்துவிட்டேன்.

நர்ஸ் அடிக்கும் பாஸ்வேர்டை வாங்கிக்கொள்ள உள்ளே ஒரு நிரல், அதாவது புரோகிராம், ஓடுகிறது. நோயாளி விவரத்தை எடுத்துத் தர இன்னொன்று. முதலாவது இரண்டாவதிடம் பாஸ்வேர்டை மறைக்காமல், அப்படியே சொல்கிறது. கேட்பது யார் என்று பார்ப்பதே இல்லை. அதே கம்ப்யூட்டரில் இருக்கும் எந்த நிரலும் ஒட்டுக்கேட்கலாம். யாரோ இலவசமாக இறக்கிப் போட்ட காலண்டர் நிரல் ஒன்று கேட்டுக் கேட்டு வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறது.

இந்த ஏற்பாட்டை எழுதியவர் யார்? பிரிவுத் தலைவரேதான். அதனால்தான் அவ்வளவு அவசரம்!

மார்ச் 11
கண்காணிப்பாளர் அம்மாவின் அறையில் கூட்டம். "எல்லாம் கற்பனை" என்றார் தலைவர்.

"அப்ப நீங்களே உங்க பாஸ்வேர்டைப் போட்டு உள்ள போங்க சார். நீங்க அடிக்கிறது இந்தத் திரையில வரும். எல்லாரும் பார்ப்பாங்க. பரவாயில்லையா?"

"வரட்டும், பார்க்கலாம்."

அடித்தார். பெரிய எழுத்தில் வந்தது: நான்தான் ராஜா.

யாரும் சிரிக்கவில்லை. கண்காணிப்பாளர் அம்மா மட்டும் இருமினார்.

மார்ச் 12
"இனிமே நீ இங்க நிம்மதியா இருந்துடுவியா?" என்றார் தலைவர். ஒரே நாளில் 'நீ' ஆகிவிட்டேன்.

மார்ச் 20
நாத்தனாருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. என்னைக் கீழ்த்தளத்து ஸ்டோர் ரூமுக்குத் தூக்கி அடித்துவிட்டார்கள். ஜன்னல்கூட இல்லை. 'நிர்வாக வசதி'யாம்! ஓட்டை வைத்தவன் மேலே, கண்டுபிடித்தவள் கீழே. இவரிடம் சொன்னால், "உனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்கிறார். யாருடைய தங்கைக்காக?

மார்ச் 23
காலையில் யூனிஃபார்மோடு நாத்தனார், வீட்டில் என் அறை வாசலில்.

"எல்லா பாஸ்வேர்டையும் மாத்தணுமாம். போன்ல எங்க மாத்தறது?"

காட்டினேன். நன்றி? அவள் வாயிலிருந்தா? அடிக்கப் போனவள் நிறுத்தினாள். "அந்தப் பக்கம் திரும்புங்க அண்ணி."

பொத்துக்கொண்டு வந்த சிரிப்பை அடக்கித் திரும்பிக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் கேட்டாள்: "அந்த ஸ்டோர் ரூம்ல ஃபேன் இருக்கா?"

இல்லை என்றேன். போய்விட்டாள்.

மார்ச் 24
ஸ்டோர் ரூம் மேஜையில் ஒரு சின்ன ஃபேன். பின்னால் வார்டு முத்திரை, பாதி சுரண்டிய நிலையில்.