எக்ஸார்க்ஸ் வெட்டிய பெயர்

மார்ச் 4, புதன்

சீனியர் இன்று என் ஸ்கிரிப்டில் கை வைத்தார். "எதுக்கும்மா இவ்ளோ அலங்காரம்? சின்ன வேலை."

எங்கள் ஸ்கேன் சென்டர் சர்வரில் 'நகல்' என்று பெயர் முடியும் ஃபோல்டர்களை ஞாயிறுதோறும் தேடிப் பட்டியலாக்கி, எக்ஸார்க்ஸ் என்ற கருவி வழியாக அழிப்புக் கட்டளைக்குக் கொடுக்கிற ஸ்கிரிப்ட் அது. பெயருக்குள் இடைவெளி இருந்தால் எக்ஸார்க்ஸ் அந்த இடத்தில் வெட்டி இரண்டு பெயராக்கிவிடும். அதைத் தடுக்கத்தான் ஒரு குறி போட்டிருந்தேன். அதைத் தூக்கிவிட்டார். பத்து வருஷ அனுபவமாம், மண்ணாங்கட்டி.

"சரியா இருக்கா பாரு" என்றார். பார்த்தேன். "சரிதான் சார்" என்றேன்.

மார்ச் 5

சொல்லியிருக்கலாம். எதுக்குச் சொல்லணும்? போன மாதம் மீட்டிங்கில், "பொம்பளைப் பிள்ளைக்கு சர்வர் எதுக்கு, ரிசப்ஷன்ல உக்காரலாமே" என்று சிரித்தாரே, ஒருத்தனாவது வாயைத் திறந்தானா? பட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

மார்ச் 8, ஞாயிறு

ஒன்றும் ஆகவில்லை. எந்தப் பெயரிலும் இடைவெளி இல்லை. ஏமாற்றமாகவா இருக்கிறது எனக்கு? ஆமாம்.

மார்ச் 13, வெள்ளி

டெக்னீஷியன் புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டிருக்கிறான். 'ஸ்கேன் நகல்'. நடுவில் இடைவெளி. அசல் படங்கள் மொத்தமும் இருப்பது 'ஸ்கேன்' என்ற ஃபோல்டரில். ஞாயிறு ஸ்கிரிப்ட் ஓடும்போது எக்ஸார்க்ஸ் பெயரை இரண்டாக வெட்டும்; 'ஸ்கேன்' அழியும்.

பெயரை மாற்ற அரை நிமிஷம் போதும். மாற்றவில்லை. பேக்கப்தான் இருக்கிறதே, ஒரு நாள் நாயாக அலைவார், அவ்வளவுதான் — டீ குடிக்கப் போய்விட்டேன்.

மார்ச் 16, திங்கள்

ஆறு வருஷப் படங்களும் போச்சு. பேக்கப் டிஸ்கைப் போன மாதமே கழற்றி வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டாராம் அந்தப் புண்ணியவான். யாரிடமும் சொல்லவில்லை.

மேனேஜர் அறையில் சீனியர் என்னைக் கைகாட்டினார். "இவகிட்ட காட்டினேன் சார். சரின்னு சொன்னா."

"என்கிட்ட எதுவும் காட்டல" என்றேன். குரல் நடுங்கவே இல்லை.

மார்ச் 18

சீனியரின் மேஜை காலி. நல்லா வேணும்.

மார்ச் 20, வெள்ளி

ரிசப்ஷன் பெண் பாத்ரூமில் அழுதுகொண்டிருந்தாள். அவள் அம்மாவுக்கு நுரையீரலில் ஒரு கட்டி. "ரெண்டு வருஷம் முன்னாடி இங்கதான் ஸ்கேன் எடுத்தோம்க்கா. அந்தப் படம் இருந்தா, கட்டி வளரலன்னு விட்டிருப்பாங்களாம். இப்ப திங்கக்கிழமை ஆபரேஷன்."

டிஷ்யூ எடுத்துக் கொடுத்தேன்.

"அந்த ஆளு நாசமாப் போகட்டும். உங்களுக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா தடுத்திருப்பீங்க இல்லக்கா?"

"தடுத்திருப்பேன்" என்றேன்.

மார்ச் 25

ரிசப்ஷன் பெண்ணின் அம்மாவுக்கு நுரையீரலில் பாதியை எடுத்துவிட்டார்கள். கட்டி கெட்டது இல்லையாம். எடுத்திருக்கவே வேண்டாமாம்.

லீவ் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். "எனக்குக் கூடப்பிறந்த அக்கா மாதிரிம்மா" என்று என்னை முன்னால் தள்ளினாள். அம்மாவால் பேச முடியவில்லை. என் கையைப் பிடித்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.