இருபத்தோராவது அதிரசம்

அக்டோபர் 6, திங்கள்

சுந்தரி கோபித்துக்கொண்டு பேரணாம்பட்டு அம்மா வீட்டுக்குப் போய் மூன்று நாள். குழம்பு வைத்தேன். உப்பு போட்டேனா? போட்டேன் — இரண்டு முறை.

அக்டோபர் 8, புதன்

இரண்டு பேருக்கும் ஒரே ஷூ கம்பெனி, தினமும் பார்க்கிறேன். பேரணாம்பட்டு பஸ்ஸில் வருகிறாள், அதிலேயே போகிறாள். இன்றுதான் போனை எடுத்தாள்.

அப்படி என்ன செய்துவிட்டேன்? ஷூவுக்குள் தைக்கும் லைனிங்கில் இடது, வலது மாறாமலிருக்க பக்கத்துக்கொரு கலர் நூல் போடலாம் என்பது அவள் யோசனை. மேனேஜர் மக்பூல் சாரிடம் சொன்னது நான். அவர் எல்லார் முன்னாலும் எனக்குக் கைதட்டச் சொன்னார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா?

கோபம் சார் மேலா என்று கேட்டேன்.

"கேதார கௌரி நோன்புக் கதை தெரியும்ல? பிருங்கி முனிவர் அம்மனை விட்டுட்டு சிவனை மட்டும் சுத்திட்டுப் போனாரு. அம்மன் கோவிச்சுக்கினு போனது முனிவர் மேல இல்ல. பாத்துக்கினு சும்மா இருந்தவர் மேல. நோன்பு இருந்து அவர் உடம்புல பாதியை வாங்கினாங்க."

வைத்துவிட்டாள்.

அக்டோபர் 15, புதன்

காலை மீட்டிங்கில் எழுந்து, யோசனை சுந்தரியுடையது என்று சொல்லிவிட்டேன். மக்பூல் சார், இதைச் சொல்ல இத்தனை நாளா என்றார். தையல் லைன் முழுக்கக் கைதட்டியது. அவள் மட்டும் தட்டவில்லை. குனிந்து சிரித்தாள், பார்த்தேன்!

சாயங்காலம் மெசேஜ்: 'நோன்புக்கு வர்றேன். படையலுக்கு இருபத்தொரு அதிரசம் நீங்கதான் சுடணும்.'

அக்டோபர் 21, செவ்வாய்

சுட்டேன். பேக்கிங்கில் எட்டு வருட வேலை. கை தானாக ஜோடி ஜோடியாக அடுக்கியது. பத்து ஜோடி. ஒன்று ஒற்றையாக நின்றது. ஜோடி இல்லாததை ஒதுக்கித்தானே பழக்கம்? வாயில் போட்டுக்கொண்டேன்.

சுந்தரி வந்து எண்ணினாள். இருபது. மாவும் இல்லை. நோன்பில் குறை வைக்கலாமா? எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஓர் அதிரசத்தை இரண்டாகப் பிட்டு ஒட்டினாற்போல் வைத்தாள்.

"அம்மையும் அப்பனும் இப்படித்தானே ஒரே உடம்புல நிக்கிறாங்க. எண்ணினா ரெண்டு பேரு. இப்ப இருபத்தொண்ணு."

என் வலது கையில் அவள் நோன்புக் கயிறு கட்டினாள், அவள் இடது கையில் நான். அவள் கொண்டுவந்த பையைத் தூக்கி உள்ளே வைத்தேன். நல்ல கனம். எல்லாத் துணியும் இருக்கிறது.

படைத்த பிறகு, பிட்டதில் அம்மன் எந்தப் பாதி என்று கேட்டேன்.

"பெரிசு" என்று எடுத்துக்கொண்டாள்.