பன்னெண்டும் நாலு நூலும்

படப்பை
9-9-1987

அன்பு மகள் லீலாவுக்கு அப்பா வரதராஜுலு எழுதுவது. பெருமாள் தயவில் இங்கே எல்லாரும் சௌக்கியம், உன் அம்மாவின் முழங்கால் மட்டும் மழை வருமுன்னே தகவல் சொல்லிவிடுகிறது. நீயும் பம்பாய் மழையில் நனையாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்றே மனதில் வைத்து எழுதுகிறேன்.

உன் கடிதம் போன மாதமே வந்தது, பதில்தான் தாமதம். அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது, வேலையை விட்டுவிட்டு வந்துவிடலாமா என்று நீ கேட்டிருந்த வரியை மட்டும் தாண்டிவிட்டேன். அவள் விடுவாளா, இன்னா முழுங்கற நீ என்று என் கையிலிருந்து பிடுங்கி, பக்கத்து வீட்டு அம்சவல்லியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி முழுவதும் தெரிந்துகொண்டாள். அங்க இன்னா கொட்டியா கெடக்குது, பொண்ண கெளம்பி வரச் சொல்லு என்று ஒரே பிடிவாதம். நான் அப்படிச் சொல்வதாக இல்லை. நீ எழுதியதிலிருந்து எனக்குப் புரிந்தது இவ்வளவு. உங்கள் கம்பெனி துணி மில்லுகளுக்குக் கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் புரோகிராம் எழுதிக் கொடுக்கிறது, புனேயில் இன்னொரு கம்பெனிக்காரர்கள் அதையே இன்ஜினியரிங் ஆலைகளுக்குச் செய்கிறார்கள். உன் முதலாளி அவர்களை வாங்கிவிட்டார். தீபாவளிக்குள் அவர்கள் புரோகிராமை நிறுத்தி, அந்த ஆலைகளையெல்லாம் உங்கள் புரோகிராமுக்கு மாற்றி, அங்கே வேலை செய்பவர்களில் பாதிப் பேரை அனுப்பிவிட வேண்டும் என்று உன்னைப் பொறுப்பில் போட்டிருக்கிறார். நீ சாப்பிட உட்கார்ந்தால் அங்கே இருப்பவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போகிறார்கள். சரிதானே. வாங்குவதில் தப்பே இல்லை அம்மா. புதிதாக ஒரு ஊரில் பேர் எடுக்க வருஷக்கணக்கில் ஆகும், பேர் எடுத்தவனை வாங்கினால் அடுத்த நாளே வியாபாரம். நான் மறைமலை நகரில் யாக்கோபின் போல்ட்டு நட்டுக் கடையை வாங்கியதும் அதற்குத்தான். நம்ம கடைக்கு வருகிறவர்கள் ஒரகடம் பக்கத்து விவசாயிகள், பம்ப்செட்டுக்கும் ஏருக்கும் வாங்குவார்கள். யாக்கோபிடம் வந்தவர்கள் பட்டறைக்காரர்கள், ஆலைக்காரர்கள். இனி இந்தப் பக்கம் பெருகப்போவது அவர்கள்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அங்கே போன மாதம் நடந்ததைக் கேள். கடை கைக்கு வந்ததும் உன் அண்ணன் தசரதன், எல்லாம் ஒரே சரக்குதானே, ரெண்டு கடைக்கும் ரெண்டு ரெண்டு பெட்டி எதுக்குப்பா என்றான். எனக்கும் சரி என்றே பட்டது. இஞ்சுக்கு எட்டு நூல் என்பது நம்ம கணக்கு, அரை இஞ்சை நாம் நாலு நூல் என்போம். யாக்கோபு கடையில் எல்லாம் மில்லிமீட்டர், கிட்டத்தட்ட அதே பருமனைப் பன்னெண்டு என்றால்தான் புரியும். பார்வைக்கு இரண்டும் ஒன்றேபோல இருக்கும். தசரதன் இரண்டையும் ஒரே தட்டில் கொட்டிவிட்டான். யாக்கோபு காலத்திலிருந்தே அங்கே கவுன்டரில் நின்ற மரகதத்தையும் கோடவுனுக்கு அனுப்பிவிட்டு, நம்ம ஆளை நிறுத்தினான். பட்டறை மேஸ்திரி மாரி வாங்கிப் போனார். போல்ட்டு பன்னெண்டு, நட்டு நாலு நூல். இரண்டு சுற்று ஏறிற்று, அப்புறம் பிடித்துக்கொண்டது. ஏறுகிறதே என்று ஸ்பேனர் போட்டு முறுக்கியதில் மரை முழுக்க நாசம், அவருக்கு ஒரு நாள் வேலை போயிற்று. மறுநாள் பையை அப்படியே கல்லாமேல் கவிழ்த்து, இன்னா மொதலாளி, கடைய வாங்கினியா, இல்ல மரை கழண்டு போய்க் கீறியா என்று கேட்டார். கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, என்ன செய்ய.

அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு நான், தசரதன், காலை நீட்டிக்கொண்டு உன் அம்மா என்று எல்லாருமாக உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டிலும் நட்டைப் போட்டுப் பார்த்துப் பிரித்தோம். மரகதத்தை மறுபடியும் கவுன்டரில் நிறுத்தினேன். நீங்க நாலு நூல்னு கேட்டா நான் பூ கட்டற நூலத்தான் எடுத்தாருவேன் மொதலாளி என்கிறாள். இப்போது அந்தக் கடைக்குள் கால் வைத்தால் நானும் பன்னெண்டு என்றே சொல்கிறேன், நாக்குத்தான் இன்னும் பழகவில்லை. யாக்கோபு பேர் போட்ட போர்டையும் கழற்றவில்லை. ஆனால் பாரிமுனையில் சரக்கு எடுப்பது இரண்டு கடைக்கும் சேர்த்துத்தான், லாரியும் ஒன்றுதான், லாபம் அதிலே வருகிறது. கவுன்டருக்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் ஒன்றாக்கலாம். வாடிக்கைக்காரன் கை வைக்கும் இடத்தில் அவசரப்படக் கூடாது.

ஆகவே லீலா, வேலையை விடாதே. நீ விட்டால் உன் இடத்துக்கு வருகிறவன் எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டுவான். உன் முதலாளியிடம் நேராகப் போய், தீபாவளிக்குள் முடியாது, அந்த ஆலைக்காரர்கள் என்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்று தெரிந்த ஆட்களை அனுப்பிவிட்டால் நீங்கள் கொடுத்த விலை வீண் என்று சொல். வியாபாரிக்கு வியாபாரி பேசுவதுபோலச் சொல், அழுதுகொண்டு சொல்லாதே. உன்னைத் துரத்தினால் துரத்தட்டும், அப்போது வா, நம்ம கடையிலேயே கல்லா இருக்கிறது. புனேயில் அவர்கள் எழுந்து போனால் நீயும் தட்டோடு அவர்கள் மேசைக்குப் போ. வெட்கப்படாதே, வாங்கினவன்தான் முதலில் பேச வேண்டும்.

அம்மா எலுமிச்சை ஊறுகாய் அனுப்புகிறாள். நட்டுப் பிரித்த அன்று கை வலிக்க வீட்டுக்கு வந்தவள், பொண்ண வரச் சொன்னேன்னு எழுதிடாத என்றாள். எழுதிவிட்டேன், நீ கண்டுகொள்ளாதே. பார்சலில் ஊறுகாய்க்கு அடியில் ஒரு பன்னெண்டு போல்ட்டும் ஒரு நாலு நூல் நட்டும் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறேன். முதலாளியைப் பார்க்கப் போகும்போது எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்து மாட்டச் சொல். இரண்டு சுற்று சுலபமாக ஏறும், அவரும் சந்தோஷப்படுவார். மூன்றாவது சுற்று வரும்வரை நீ வாயைத் திறக்காதே.

எடுத்த காரியம் எல்லாம் கைகூடி நீடூழி வாழ என் ஆசியும் அம்மாவின் ஆசியும். குடையை ரயிலில் மறந்து வைக்காதே.

இப்படிக்கு உன் அப்பா,
ப. வரதராஜுலு