என் பேரில் ஒரு வரிபாக்கி

ஜூன் 3, 2025, செவ்வாய். அஜ்மான்

மகள் ஷ்ருதியின் கல்லூரிக்கு முன்பணம் அனுப்ப உட்கார்ந்தேன். போகவில்லை. மறுபடியும் போகவில்லை. திருப்பூர் வங்கிக்குப் போன் செய்தேன். வருமான வரித்துறை உத்தரவாம், கணக்கை முடக்கியிருக்கிறார்களாம். அங்கே எனக்கு வருமானமே கிடையாது, என்ன வரி?

கணவர் முரளி டியூட்டி முடிந்து வந்ததும் சொன்னேன். "ஏதாச்சும் தப்பா வந்திருக்கும்" என்று குளிக்கப் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

ஜூன் 5, வியாழன்

பார்மஸியில் என்னோடு வேலை செய்யும் பாஹிமா, கோயம்புத்தூரில் ஓர் ஆடிட்டரைச் சொன்னாள். முகம்மது சித்தீக். இன்று விடுமுறை, நிதானமாகப் பேச முடிந்தது.

சில வருஷங்களுக்கு முன் என் கணக்கில் லட்சக்கணக்கில் ரொக்கம் போடப்பட்டிருக்கிறது. விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள். பதில் இல்லை. அத்தனையும் என் வருமானம் என்றே முடிவுகட்டி வரியும் வட்டியும் போட்டுவிட்டார்கள். அதையும் கட்டாததால் இப்போது வங்கியிடமே பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கணக்கில் இருப்பது எந்த நாளும் துறைக்குப் போய்விடலாம். ஷ்ருதியின் படிப்புப் பணம் அது.

யார் போட்டது? யோசிக்கவே வேண்டியதில்லை. திருப்பூரில் வீடு கட்டும்போது முரளியின் அண்ணன் கோபாலசாமி மாமாவிடம் என் கார்டையும் கையெழுத்துப் போட்ட காசோலைகளையும் கொடுத்துவிட்டு வந்தோம். பனியன் கம்பெனி நடத்துகிறவர். வங்கியில் இருந்த போன் நம்பரும் முகவரியும் அவருடையவை. வீடு முடிந்த பிறகும் எதையும் திருப்பிக் கேட்கவில்லை.

போன் செய்தேன். "தொழில்ல போட்டு எடுத்த பணம் அம்மிணி. இப்பத்திக்கு நீங்க கட்டீருங்க, பொறகு பாத்துக்கலாம்" என்றார். பக்கத்து வீட்டில் தண்ணீர் வரவில்லை என்பதுபோல ஒரு குரல்.

ஜூன் 7, சனி

மறுப்புச் சொல்லாமல் கட்டினால் என் வருமானம்தான் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும் என்கிறார் சித்தீக். முரளியோ கட்டச் சொல்கிறார். அண்ணன் பேர் வெளியே வந்தால் அவர் கம்பெனியைக் கிண்டுவார்களாம். "என்னைப் படிக்க வெச்சவரு ஷியாமளா."

நான் கத்தினேன். அவரும் கத்தினார். அந்த வேகத்தில், "ரெண்டாவது நோட்டீஸுக்காவது அண்ணன் பதில் போட்டிருக்கலாம்" என்றார்.

ரெண்டாவதா? எத்தனை நோட்டீஸ் என்று சித்தீக் என்னிடமே சொல்லவில்லையே.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தரையைப் பார்த்தபடி சொன்னார்: "போன வருஷமே அண்ணன் சொன்னாரு. நான் பாத்துக்கறேன், அம்மிணிகிட்டச் சொல்லிக் கலவரப்படுத்தாதேன்னாரு."

ஒரு வருஷம். எங்கூட ஒரே தட்டுல பிரியாணி தின்னுட்டு, ஒரு வருஷம்.

ஜூன் 8

பேசவில்லை. அவர் சாப்பிட்டாரா என்றும் கேட்கவில்லை.

ஜூன் 11, புதன்

மேல்முறையீடு செய்யலாமாம், சித்தீக் சொன்னார். கெடு தாண்டிய தாமதத்துக்குக் காரணம் சொல்லி, பாக்கியில் ஐந்தில் ஒரு பங்கு கட்டினால் மீதி வசூலை நிறுத்திவைக்கக் கேட்கலாம். அந்த ரொக்கம் திருப்பூரில் கணக்கில் போடப்பட்ட நாட்களில் நான் இங்கே இருந்ததற்குப் பாஸ்போர்ட் முத்திரைகள் போதும்.

ஆனால் போட்டது யார் என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதவேண்டும். "டிபார்ட்மெண்டுக்கு உங்க பேர் மட்டுந்தானுங்க தெரியும். யாருதுன்னு நீங்கதான் சொல்லோணும்."

எழுதினேன். கோபாலசாமி என்று எழுதும்போது கை நின்றது. படிக்க வைத்தவர்தான். அதற்காக என் மகள் படிக்காமல் இருக்கவேண்டுமா? முரளியிடம் காட்டினேன். படித்தார். வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஜூன் 16, திங்கள்

பிரமாணப் பத்திரத்துக்கு இந்தியத் தூதரக அட்டெஸ்டேஷன் வாங்கப் பஸ் பிடித்து துபாய் போனேன். அல் குசைஸைத் தாண்டும்போது, திரும்பிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. போனேன்.

டோக்கன் வாங்கித் திரும்பினால், வாசலில் முரளி. சைட்டிலிருந்து நேராக வந்திருக்கிறார், ஷூவெல்லாம் மண். கையில் அவருடைய பிரமாணம். கணக்கை நடத்தியது அண்ணன் என்று எழுதியிருந்தார். கடைசிப் பத்தி: நோட்டீஸ் வந்தது எனக்குத் தெரியும், மனைவியிடம் மறைத்தேன்.

"இது வேண்டியதில்லையே" என்றேன்.

"தாமதத்துக்குக் காரணம் கேப்பாங்கல்ல? அதுதான் காரணம்."

பக்கத்து நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தேன். மன்னித்துவிட்டேனா? தெரியவில்லை.

ஜூலை 21, திங்கள்

மேல்முறையீடு போட்டு, ஊருக்குப் போக வைத்திருந்த பணத்தில் அந்த ஐந்தில் ஒரு பங்கைக் கட்டினோம். வசூலை நிறுத்திவைத்துவிட்டார்கள். கணக்கு திறந்தது. கல்லூரி கொடுத்த கூடுதல் அவகாசத்துக்குள் பணம் போய்ச் சேர்ந்தது. "ஸீட் கன்ஃபர்ம்ட், மா!" என்று ஷ்ருதி ஓடிவந்தாள்.

மாமாவுக்கு விசாரணைக்கு வரச்சொல்லி ஆணை போயிருக்கிறது. முரளியைக் கூப்பிட்டு, இனித் தனக்குத் தம்பி இல்லை என்று சொல்லிவிட்டாராம்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

லீவு இல்லை. மேல்முறையீடு இன்னும் நடக்கிறது. எந்தப் பக்கம் போகும் என்று சித்தீக்கும் சொல்வதில்லை. திருப்பூரிலிருந்து போன் வரவில்லை. முரளி கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார், எடுக்கவில்லை.

சாயங்காலம் அவர் போனில் வங்கியிலிருந்து ஏதோ வந்தது. திறக்காமல் என்னிடம் நீட்டினார். "நீயே பாரு."

கடன் விளம்பரம். அப்படியே சொன்னேன். தலையாட்டிவிட்டு, எழுந்து போகாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.